அமெரிக்க வரலாறு, 1607 முதல் 1877 வரை: எதை வைத்துப் படிப்பது?

அமெரிக்க வரலாற்றின் முதல் பாதியைப் படிக்கத் தொடங்கும் பலர் இரண்டு இடங்களில் நின்றுவிடுகிறார்கள். சிலர் 1789இல், வாஷிங்டன் பதவியேற்றதும் புத்தகத்தை மூடுகிறார்கள். மற்றவர்கள் 1865 ஏப்ரலில், தென் மாநிலங்களின் தளபதி லீ சரணடைந்து ஐந்தே நாளில் லிங்கன் சுடப்பட்டதும் மூடுகிறார்கள். சோம்பல் காரணமல்ல. அவர்கள் கையில் எடுத்த நூலோ படமோ அங்கேதான் முடிகிறது. அடிமை முறை எப்படி வேரூன்றியது, ஒழிந்த பிறகு என்ன ஆயிற்று என்ற இரண்டு பெரிய கேள்விகளும் அந்த எல்லைகளுக்கு வெளியே கிடக்கின்றன.

இலவசப் பாடநூல் போதுமா, யேல் பல்கலைக்கழக விரிவுரைகளைக் கேட்கலாமா, தடித்த ஆய்வுநூல்களை வாங்கலாமா, ஆவணப்படம் பார்க்கலாமா, நேராக மூல ஆவணங்களுக்கே போய்விடலாமா என்று குழம்புகிறவர்களுக்காக இந்த ஒப்பீடு.

## முதலில், எதை வைத்து அளப்பது?

எந்த ஆண்டில் தொடங்கி எந்த ஆண்டில் முடிகிறது? ஜேம்ஸ்டவுன் குடியேற்றம் 1607. கடைசிக் கூட்டாட்சிப் படைகள் தெற்கின் அரசியலிலிருந்து ஒதுங்கியது 1877. இந்த இரண்டு முனைகளையும் தொடாத எதையும் முழுப் பாடமாக எண்ண வேண்டாம்.

நடுவில் ஓட்டை இருக்கிறதா? பலரும் கவனிக்காத இடம் 1790 முதல் 1840 வரையிலான ஐம்பது ஆண்டுகள். பஞ்சிலிருந்து கொட்டை பிரிக்கும் இயந்திரம் (1793), லூசியானா நிலப்பரப்பை வாங்கியது (1803), மிசூரி சமரசம் (1820), பூர்வகுடிகளை அப்புறப்படுத்தும் சட்டம் (1830), தென் கரோலினா சுங்கவரிச் சட்டத்தைச் செல்லாது என்று அறிவித்தது (1832) எல்லாம் இந்தக் காலத்தவை. இதைத் தாண்டிக் குதித்தால், 1860இல் சுமார் 40 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தது எப்படி என்பது கடைசிவரை பிடிபடாது.

1861–65இல் வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போரின் காரணத்தை எப்படிச் சொல்கிறது? 'மாநில உரிமை' என்று பொதுப்படச் சொல்லி நகர்ந்தால் சந்தேகப்படுங்கள். எந்த மாநிலத்தின் எந்த உரிமை என்று சொல்கிறதா என்று பாருங்கள்.

போருக்குப் பின் தெற்கை மீண்டும் ஒன்றியத்தில் சேர்த்த 1865–77 காலத்துக்கு ('மறுகட்டமைப்பு' என்பார்கள்) எத்தனை பக்கம், யாருடைய குரலில்? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் டன்னிங்கும் அவருடைய மாணவர்களும் ஒரு பார்வையை நிலைநாட்டினார்கள். வடக்கிலிருந்து வந்த பேராசைக்காரர்களும் ஆளத் தெரியாத கறுப்பினத்தவரும் சேர்ந்து தெற்கைச் சூறையாடினார்கள் என்பது அதன் சாரம். 1935இல் கறுப்பின வரலாற்றாசிரியர் டு பாய்ஸ் இதை ஆதாரத்தோடு மறுத்தார். 1960களுக்குப் பிறகு ஆய்வுலகமும் அவர் பக்கம் வந்தது. உங்களிடம் இருக்கும் தேர்வு வழிகாட்டியில் 'கார்ப்பெட்பேகர்' (வடக்கிலிருந்து வந்தவர்), 'ஸ்காலவாக்' (அவர்களோடு சேர்ந்த தென்னக வெள்ளையர்) ஆகிய சொற்கள் அவை வசைச்சொற்கள் என்ற குறிப்பே இல்லாமல் வந்தால், அந்த வழிகாட்டி டன்னிங் காலத்திலேயே நிற்கிறது.

நூல் எவ்வளவு பழையது? இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. போரில் இறந்தவர்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். வெகுகாலம் சொல்லப்பட்ட எண் 6,20,000. 2011இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு வந்த ஆய்வு அதைச் சுமார் 7,50,000 ஆக உயர்த்தியது. சரியான எண் எது என்பதில் விவாதம் இன்னும் இருக்கிறது. ஆனால் அந்த விவாதமே தெரியாத நூல் பழையது.

நேரமும் ஆங்கிலமும் கடைசி அளவுகோல்கள். தமிழில் 1607 முதல் 1877 வரை ஒரே சீராகக் கொண்டுசெல்லும் நூலை நம்பித் திட்டமிட முடியாது. தமிழ்நாட்டு 9ஆம் வகுப்புப் பாடநூலின் 'புரட்சிகளின் காலம்' பாடம் சுதந்திரப் போருக்கு நல்ல முன்னோட்டம். அதற்கு மேல் ஆங்கிலம்தான்.

## ஒரே பார்வையில்

| வழி | எல்லை | ஆகும் நேரம் | 1865–77 | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|---|
| இலவசப் பாடநூல் | 1492க்கு முன் – 1877 | வாரம் 2 இயலாக 8 வாரம் | ஒரு முழு இயல் | படித்தது ஒட்டாது. குறிப்பு எடுத்தே தீர வேண்டும் |
| யேல் விரிவுரைகள் | புரட்சிக் காலம். பிறகு 1840கள் – 1877 | வாரம் 4ஆக 13 வாரம் | கடைசி 8 விரிவுரைகள் | நடுவில் அரை நூற்றாண்டு ஓட்டை |
| ஆய்வுநூல்கள் | 1840கள் – 1877 | 4 முதல் 6 மாதம் | தனி நூலே உண்டு | விலை, பெயர்களின் நெரிசல் |
| ஆவணப்படம் | பெரும்பாலும் 1861–65 | 11 மணி நேரத்துக்கு மேல் | ஏறக்குறைய இல்லை | பார்த்ததைப் படித்ததாக நினைத்துக்கொள்வது |
| மூல ஆவணங்கள் | நீங்கள் தேர்வதுதான் | 12 ஆவணம், 12 வாரம் | நீங்கள் தேர்வதுதான் | சூழல் தெரியாமல் தவறாகப் படிப்பது |

## இலவசப் பாடநூல்

இரண்டு நூல்கள் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்ட அமெரிக்க வரலாற்றில் மொத்தம் 32 இயல்கள். நமக்கு வேண்டியவை முதல் 16. பதினைந்தாவது உள்நாட்டுப் போர், பதினாறாவது மறுகட்டமைப்பு. மற்றொன்று 'தி அமெரிக்கன் யாப்'. முதல் 15 இயல்களில் 1877ஐத் தொட்டுவிடும், ஒவ்வொரு இயலுக்கும் மூல ஆவணத் தொகுப்பும் உண்டு. (பெயரில் உள்ள 'யாப்' நம் யாப்பிலக்கணத்துக்கு நேர் எதிர். வால்ட் விட்மனின் கவிதையிலிருந்து எடுத்த சொல், கரடுமுரடான கூச்சல் என்று பொருள்.)

எது மேல்? ஆங்கிலம் தடுமாறுகிறவர்களுக்கு ஓப்பன்ஸ்டாக்ஸ். வாக்கியங்கள் சிறியவை, கலைச்சொற்களுக்கு விளக்கம் உண்டு, இயலின் முடிவில் கேள்விகள் உண்டு. ஓரளவு படித்துப் பழகியவர்களுக்கு யாப். பெண்கள், பூர்வகுடிகள், அடிமைகள், தொழிலாளர்கள் அதில் தனிப் பெட்டிச் செய்தியாக ஒதுங்காமல் கதைக்குள்ளேயே வருகிறார்கள்.

பாடநூலின் குறை, எல்லாவற்றையும் ஒரே குரலில் சொல்வது. 1820 மிசூரி சமரசத்துக்கும் 1854 கன்சாஸ்–நெப்ராஸ்கா சட்டத்துக்கும் ஒரே கனம் கொடுத்ததுபோலத் தோன்றும். அதனால் இயலுக்கு ஒரு பக்கம் என்று கட்டுப்பாடு வைத்து, 'அடிமை முறை இந்த இயலில் எங்கே நகர்ந்தது?' என்ற ஒரே கேள்விக்கு மட்டும் குறிப்பெடுங்கள். 16 பக்கத்தில் உங்களுக்கே ஒரு நூல் கிடைக்கும்.

## யேல் விரிவுரைகள்

ஜோன் ஃப்ரீமன் 2010இல் நடத்திய அமெரிக்கப் புரட்சி வகுப்பில் 25 விரிவுரைகள். டேவிட் பிளைட் 2008இல் நடத்திய உள்நாட்டுப் போர், மறுகட்டமைப்பு வகுப்பில் 27. இரண்டும் முழுமையாக, இலவசமாக, எழுத்துப் பிரதியோடு கிடைக்கின்றன. இந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரே மதராஸோடு தொடர்புள்ளது. புனித ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை ஆளுநராக இருந்து பணம் சேர்த்த எலிஹு யேலின் நன்கொடைக்காக 1718இல் சூட்டிய பெயர் அது.

பிளைட்டின் வகுப்பு இந்தக் காலத்துக்கு மிகச் சிறந்த நுழைவாயில்களில் ஒன்று. போர் முடிந்ததோடு அவர் முடிப்பதில்லை. 20ஆவது விரிவுரையிலிருந்து கடைசிவரை மறுகட்டமைப்பும் அதன் எச்சமும்தான். ஆண்ட்ரூ ஜான்சன் மீதான பதவி நீக்க விசாரணை ஒரே ஒரு வாக்கில் தோற்றது (1868, 35க்கு 19), 1876 தேர்தலில் ஹேஸ் 185க்கு 184 என்று வென்றது போன்றவை, நடந்த நாளில் எவ்வளவு பதைப்பாக இருந்திருக்கும் என்பது அவர் குரலில் தெரியும்.

இப்போது ஓட்டைக்கு வருவோம். ஃப்ரீமன் அரசமைப்புச் சட்டத்தோடு முடிக்கிறார். பிளைட் போருக்கு முந்தைய தெற்கில் தொடங்குகிறார். இரண்டையும் கேட்டு முடித்தவர், நாற்பது மணி நேரத்துக்கு மேல் செலவிட்டும் ஜெஃபர்சனின் ஆட்சியையோ ஆண்ட்ரூ ஜாக்சனையோ ஒழுங்காகச் சந்தித்திருக்க மாட்டார். 1662இல் வர்ஜீனியா சட்டமன்றம், தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்று தீர்மானித்ததும் இதில் அடங்காது. தீர்வு எளிது. ஃப்ரீமனுக்கு முன் ஓப்பன்ஸ்டாக்ஸின் 3, 4ஆம் இயல்கள். இரண்டு வகுப்புகளுக்கும் நடுவில் 8 முதல் 12 வரை. கூடுதலாக மூன்று, நான்கு வாரம் பிடிக்கும்.

காதால் கேட்டே பழகியவர்களுக்கு இன்னொரு சிக்கல் வரும். பெயர்கள் நிற்காது. எழுத்துப் பிரதியை முன்கூட்டியே ஒருமுறை ஓட்டமாகப் பார்த்து, ஐந்து பெயர்களைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு கேளுங்கள்.

## ஆய்வுநூல்கள்

ஜேம்ஸ் மெக்ஃபர்சனின் 'பேட்டில் க்ரை ஆஃப் ஃப்ரீடம்' 1988இல் வந்தது, 850 பக்கத்துக்கு மேல். படிக்கத் தொடங்கியவர்கள் சளைக்கும் இடம் தெரிந்ததுதான். முதல் 250 பக்கத்துக்கும் மேல் போரே வராது. உண்மையில் நூலின் பலமே அந்தப் பகுதிதான். மெக்சிகோ போரில் பிடித்த நிலத்தில் அடிமை முறை நுழையலாமா என்ற கேள்வி, 1850 சமரசம், கன்சாஸ் இரத்தக்களரி, கறுப்பினத்தவர் குடிமக்களாக முடியாது என்ற 1857 ட்ரெட் ஸ்காட் தீர்ப்பு என்று முடிச்சு இறுகுவதை அங்கேதான் காண முடியும். சளைத்தால் போர்க்களப் பகுதிகளைத் தாண்டுங்கள், இதைத் தாண்டாதீர்கள்.

எரிக் ஃபோனரின் 'ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்' அதே 1988இல் வெளியானது. மறுகட்டமைப்பை 1865இல் தொடங்காமல் 1863இல், பிரிந்த மாநிலங்களின் அடிமைகள் விடுதலை என்று லிங்கன் அறிவித்த விடுதலைப் பிரகடனத்தில் தொடங்குகிறது. இந்த இரண்டாண்டு வித்தியாசம் வெறும் தேதிக் கணக்கு அல்ல. தெற்கு எப்படி அமைய வேண்டும் என்ற சண்டை, போர் நடக்கும்போதே விடுதலையடைந்தவர்களின் நிலத்திலும் கூலியிலும் தொடங்கிவிட்டது என்பதே அவர் வாதம். முழு நூலுக்கு நேரமில்லை என்றால் 1990இல் அவரே சுருக்கித் தந்த பதிப்பு போதும். முதன்முறை படிப்பவருக்குச் சுருக்கமே நல்லது என்பேன்.

இவை இரண்டும் 1840களுக்கு முன்னால் போகாது. காசு கொடுத்து வாங்கிவிட்டோமே என்று இவற்றில் தொடங்கினால் முதல் 230 ஆண்டுகள் இருட்டாகவே இருக்கும்.

## ஆவணப்படம்

கென் பர்ன்ஸ் 1990இல் எடுத்த 'தி சிவில் வார்' ஒன்பது பகுதிகள். முகங்கள், நிலப்பரப்பு, படைவீரர் கடிதங்கள் மனதில் பதிய இதற்கு இணை குறைவு. ஆனால் மறுகட்டமைப்பு அதில் வால்பகுதிதான். பழைய எதிரிகள் கைகுலுக்கும் காட்சியில் முடிவதால், கறுப்பினத்தவருக்கு அடுத்து என்ன நேர்ந்தது என்ற கேள்வி எழாமலே போய்விடும். பார்த்தால் 2019இல் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் தயாரித்த, மறுகட்டமைப்பு பற்றிய நான்கு மணி நேரத் தொடரையும் சேர்த்தே பாருங்கள். படிப்புக்குத் துணையாகச் சரி. படிப்பாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

## மூல ஆவணங்கள்

செலவில்லாதது, கடினமானது, பலன் மிகுந்தது. யேல் சட்டப்பள்ளியின் அவலான் தளத்திலும், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்திலும், தேசிய ஆவணக் காப்பகத்தின் ஃபவுண்டர்ஸ் ஆன்லைன் தளத்திலும் எல்லாம் கிடைக்கும்.

ஓர் ஆவணத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். 1860 டிசம்பர் 24 அன்று தென் கரோலினா, தான் ஏன் ஒன்றியத்திலிருந்து பிரிகிறது என்று ஓர் அறிக்கை வெளியிட்டது. 'மாநில உரிமைக்காகப் பிரிந்தார்கள்' என்று கேட்டு வளர்ந்தவர் இதைப் படித்தால் திகைப்பார். முதல் பாதி மாநில இறையாண்மை பற்றித்தான் பேசுகிறது. பிறகு குற்றச்சாட்டு வருகிறது. மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட், மாசசூசெட்ஸ் என்று 13 வட மாநிலங்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறது. அவை செய்த குற்றம்? தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தர வேண்டும் என்ற மத்தியச் சட்டத்தைத் தங்கள் மாநிலச் சட்டங்களால் முடக்கியது. நியூயார்க் மீது தனிக் குறை, அடிமையோடு அதன் வழியாகப் பயணம்கூடப் போக விடவில்லை என்று. அதாவது, வட மாநிலங்கள் மாநில உரிமையைப் பயன்படுத்தியதுதான் தென் கரோலினாவின் புகார். சுங்கவரி பற்றிய முறையீடு அதில் இல்லை. இதை எந்தப் பாடநூலும் ஒரு வரியில் சொல்லிவிடும். நீங்களே படித்துக் கண்டுபிடித்தால் மறக்காது.

இதே முறை காலை வாருவதும் உண்டு. 1862 ஆகஸ்ட் 22 அன்று லிங்கன் பத்திரிகை ஆசிரியர் ஹோரஸ் கிரீலிக்கு எழுதிய கடிதத்தைத் தனியாகப் படித்தால், ஒரு அடிமையையும் விடுவிக்காமல் ஒன்றியத்தைக் காக்க முடியுமானால் அதையே செய்வேன் என்கிறார். 'பார்த்தீர்களா, லிங்கனுக்கு அடிமை ஒழிப்பில் அக்கறையே இல்லை' என்று இதை மேற்கோள் காட்டுவோர் ஏராளம். ஆனால் ஒரு மாதத்துக்கு முன்பே, ஜூலை 22 அன்று, விடுதலைப் பிரகடனத்தின் வரைவை அவர் அமைச்சரவையில் வாசித்துவிட்டார். மேசை இழுப்பறையில் வரைவை வைத்துக்கொண்டு எழுதிய கடிதம் அது. அதனால்தான் பாடநூலின் இயலை முடித்த பிறகே ஆவணத்தைத் தொட வேண்டும் என்கிறோம்.

பன்னிரண்டு வாரத்துக்கு ஒரு வரிசை:

1. வர்ஜீனியாவின் 1662 சட்டம். இரண்டு வாக்கியம்தான்.
2. சுதந்திரப் பிரகடனம், ஜெஃபர்சன் எழுதி நீக்கப்பட்ட அடிமை வணிகப் பத்தியோடு.
3. அரசமைப்புச் சட்டத்தில் மூன்று இடங்கள்: ஐந்தில் மூன்று கணக்கு (பிரதிநிதிகள் எண்ணிக்கைக்கு அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கைச் சேர்ப்பது), 1808 கெடு (அதுவரை அடிமை இறக்குமதியைத் தடுக்கக் கூடாது என்பது), தப்பியோடியவர் பிரிவு. மூன்றிலும் 'அடிமை' என்ற சொல்லே வராது. எப்படிச் சுற்றி வளைத்துச் சொல்கிறார்கள் என்று அடிக்கோடிடுங்கள்.
4. அடிமையாகப் பிறந்து தப்பிவந்த ஃப்ரெட்ரிக் டக்ளஸ், ரோசெஸ்டர் உரை, 1852 ஜூலை 5.
5. ட்ரெட் ஸ்காட் வழக்கு. முழுவதும் வேண்டாம், தலைமை நீதிபதி டேனியின் குடியுரிமைப் பகுதியும் நீதிபதி கர்டிஸின் மறுப்புத் தீர்ப்பும்.
6. தென் கரோலினா அறிக்கை.
7. பிரிந்த தென் மாநிலங்களின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீஃபன்ஸ், சவானா உரை, 1861 மார்ச் 21.
8. விடுதலைப் பிரகடனம், 1863 ஜனவரி 1. எந்தெந்தப் பகுதிகளை விட்டுவிடுகிறது என்று வரைபடத்தில் குறியுங்கள்.
9. லிங்கனின் இரண்டாவது பதவியேற்பு உரை, 1865 மார்ச் 4.
10. மிசிசிப்பியின் கறுப்பினத்தவர் சட்டம், 1865 நவம்பர். ஆண்டுதோறும் ஜனவரி இரண்டாம் திங்களன்று வேலைக்கான எழுத்துச் சான்று வைத்திருக்க வேண்டும் என்ற விதியைத் தேடுங்கள்.
11. 13, 14, 15ஆம் திருத்தங்கள் (1865, 1868, 1870). பதின்மூன்றாவதில் குற்றத் தண்டனைக்கு மட்டும் விலக்கு இருக்கிறது.
12. க்ரூக்‌ஷாங்க் தீர்ப்பு, 1876. கறுப்பினத்தவரைத் தாக்கியவர்களைத் தண்டிக்கும் மத்திய அரசின் அதிகாரத்தை உச்ச நீதிமன்றம் சுருக்கியது.

விடுதலையடைந்தவர்களின் வாய்மொழிப் பதிவுகளும் 2,300க்கு மேல் நாடாளுமன்ற நூலகத்தில் உள்ளன. 1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், பெரும்பாலும் வெள்ளையர்கள் போய் முதியவர்களைப் பேட்டி கண்டவை. கேட்பவர் முன் சொல்லத் தயங்கியது எது என்று யோசித்துக்கொண்டே படிக்க வேண்டும். பேச்சுவழக்கை அப்படியே எழுத்தாக்கியிருப்பதால் ஆங்கிலமும் கடினம். தொடக்கக்காரர்கள் தள்ளிப்போடலாம்.

## யாருக்கு எது?

குடிமைப் பணித் தேர்வில் வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்தவர்: பாடத்திட்டம் புரட்சியையும் அரசமைப்பையும், லிங்கனையும் அடிமை ஒழிப்பையும் கேட்கிறது. ஓப்பன்ஸ்டாக்ஸ் இயல்கள் 5, 6, 7, 12, 14, 15, 16. கூடவே மேலே சொன்ன ஆவணங்களில் 3, 6, 8, 11. பாடத்திட்டத்தில் பெயர் சொல்லப்படாவிட்டாலும் 16ஆம் இயலை விடாதீர்கள். அடிமை ஒழிப்பின் 'எல்லைகள்' என்று வினா வந்தால் பதில் அங்கேதான்.

அமெரிக்கக் கல்லூரியில் சேர்ந்து கிளெப் தேர்வு (தேறினால் பாடப்புள்ளி கிடைக்கும்) எழுதுபவர்: முதல் தாளில் 1877 வரை, 90 நிமிடத்தில் சுமார் 120 கேள்விகள். அதில் ஏறத்தாழ 70 சதவீதம் 1790–1877 காலத்திலிருந்து. யேல் விரிவுரைகளை மட்டும் நம்பிப் போனால் அடிபடுவது இங்கேதான். பாடநூல்தான் முதுகெலும்பு, விரிவுரை துணை.

ஏபி (பள்ளியிலேயே எழுதும் கல்லூரித் தரத் தேர்வு) அமெரிக்க வரலாறு எழுதும் பள்ளி மாணவர்: 1754–1800, 1800–1848, 1844–1877 ஆகிய மூன்று காலப்பகுதிகளும் தலா 10 முதல் 17 சதவீதம். ஏழு ஆவணங்களைக் கொடுத்துக் கட்டுரை எழுதச் சொல்லும் கேள்வி உண்டு என்பதால் யாப் நூலும் அதன் ஆவணத் தொகுப்பும் பொருத்தம்.

தேர்வு இல்லை, ஆர்வம்தான்: பிளைட்டில் தொடங்குங்கள். ஆறாவது விரிவுரைக்குள் பின்னோக்கிப் போக ஆசை வந்துவிடும். அப்போது ஓப்பன்ஸ்டாக்ஸின் 8 முதல் 12 வரையைத் திறங்கள்.

முதுகலை ஆய்வேடு எழுதுபவர்: ஃபோனர், டு பாய்ஸ், ஆவணங்கள். இந்தியக் கோணம் வேண்டுமானால் ஒரு வழி திறந்தே இருக்கிறது. போரில் அமெரிக்கப் பஞ்சு தடைப்பட்டதால் லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பக்கம் திரும்பின, விலை ஏறியது, 1865க்குப் பின் சரிந்தது. ஜோதிராவ் ஃபுலே 1873இல் தன் 'குலாம்கிரி'யை அடிமை ஒழிப்புக்காக அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கியதும் இதன் பக்கத்திலேயே வரும்.

எந்த வழியானாலும் முதல் நாளில் ஒரு வரைபடம் கையால் வரைந்துகொள்ளுங்கள். மிசிசிப்பி ஆறு, ஒஹாயோ ஆறு, மேசன்–டிக்சன் கோடு (பென்சில்வேனியா–மேரிலாந்து எல்லை), மிசூரி சமரசம் வகுத்த 36°30' அட்சக்கோடு போதும். அதில் அடிமை மாநிலங்கள் 15. சம்டர் கோட்டை மீது குண்டு விழுவதற்கு (1861 ஏப்ரல் 12) முன் பிரிந்தவை 7, பின் பிரிந்தவை 4, பிரியாமல் நின்றவை டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசூரி. விடுதலைப் பிரகடனம் ஏன் இந்த நான்கையும் தொடவில்லை என்பது இந்தப் படம் இல்லாமல் விளங்காது.

## தமிழில் குறிப்பு எடுக்கும்போது

1781இல் நடைமுறைக்கு வந்த முதல் ஒன்றிய உடன்படிக்கையும் 1861இல் பிரிந்த தென் மாநிலங்களின் அரசும் தமிழில் 'கூட்டமைப்பு' என்றே வந்துவிடும். இரண்டு வாரம் கழித்துத் திருப்பிப் பார்த்தால் எது எது என்று தெரியாது. பின்னதைக் 'கான்ஃபெடரசி' என்றே எழுதுங்கள். ஜெஃபர்சனின் கட்சிக்கும் 1854இல் பிறந்த லிங்கனின் கட்சிக்கும் 'குடியரசுக் கட்சி' என்று ஒரே பெயர் வேண்டாம், முதலாவதோடு 'ஜெஃபர்சன்' என்று சேர்த்துக்கொள்ளுங்கள். 'காங்கிரஸ்' என்று வந்தால் 1789க்கு முன்னா பின்னா என்று ஓரத்தில் ஆண்டைக் குறித்துவிடுங்கள்.